ஐம்பது சைக்கிள் ஊரில் ஒரு ஐந்து கம்பி கிதார்!

விக்கிரவாண்டியில் பிரிந்து பண்ருட்டி வழியாகக் கும்பகோணம் போகும் நெடுஞ்சாலை. சாலையோரத்தில் பலாப்பழங்களும் முந்திரி மூட்டைகளும் கண்ணில் படுவது குறையும்போது வருகிறது நெய்வேலி ஆர்ச் கேட். உள்ளே திரும்பியதும் ஊரின் முகமே மாறிவிடுகிறது. நேர்நேராகச் சாலைகள், இரண்டு பக்கமும் வளர்ந்த மரங்கள், ஒரே அச்சில் வார்த்ததுபோல குவார்ட்டர்ஸ் வீடுகள். இங்கே எண்தான் முகவரி. காகிதத்தில் 'வட்டம்', பேச்சில் 'பிளாக்'. ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடக்கும் லிக்னைட் ஹாலுக்கு வழி கேட்டால், 'பிளாக் லெவன்' என்று பதில் வரும்.

அப்படி ஒரு பிளாக்கில், அப்படி ஒரு குவார்ட்டர்ஸின் சின்ன ஹாலில், சில மாதங்களாக ஒரே பேச்சு. அந்த வீட்டு மகன் ஐந்து கம்பி பேஸ் கிதார் ஒன்று வாங்க வேண்டும். கையில் இருப்பது நாற்பதாயிரம் ரூபாய். மூன்று வருடக் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் கிடைத்ததை அஞ்சலகத்தில் போட்டுச் சேர்த்த பணம். மகனுக்கு வயது 27. எலெக்ட்ரிகல் டிப்ளோமா முடித்து தனியார் வேலையில் இருக்கிறார். ஆடியிலும் பங்குனியிலும் வார இறுதிகளில் மெல்லிசைக் குழுவின் பேஸ் கிதாரிஸ்ட்.

சிக்கல் என்னவென்றால், அப்பாவுக்கு இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். மந்தாரக்குப்பம் பக்கம் வாங்கிப்போட்ட மனையில் வீடு பாதிதான் எழும்பியிருக்கிறது. "என் பணத்தையும் வேணா கட்டடத்துக்குப் போட்டுக்கோங்கப்பா" என்று மகன் சொன்னபோது அப்பா பதில் பேசவில்லை. அம்மாதான் குறுக்கே விழுந்தார். "அது அவன் ராத்திரி கண்ணு முழிச்சு சம்பாதிச்ச காசு. அதுல ஜன்னல் வைக்க வேண்டாம்."

பணம் தப்பியது. ஆனால், இன்னொரு நாற்பதாயிரம் சேர எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. வாங்குவது ஒரே தடவை. அது சரியாக இருக்க வேண்டும்.

எதற்கு ஐந்தாவது கம்பி?

பேஸ் கிதார் என்றால் பலருக்கும் தெரியாது. ஆனால், அதைக் கேட்காத தமிழர் கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு எண்பதுகளின் இளையராஜா பாடல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பாடகரின் குரலுக்கும் தபேலாவுக்கும் கீழே, தனியாக இன்னொரு மெட்டு நடந்துபோகும். அதுதான் பேஸ். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலமாக பேஸ் வாசித்துவருபவர் சசிதரன் முனியாண்டி. ஏ.ஆர்.ரஹ்மான் பாடல்களில் அந்த வேலையைச் செய்தவர்களில் முக்கியமானவர் சென்னையைச் சேர்ந்த கீத் பீட்டர்ஸ். பிறகு ரஹ்மானின் மேடைகளில் மும்பையைச் சேர்ந்த மோஹினி டே வாசித்தபோது, பேஸ் கிதார் என்ற பெயரே பல வீடுகளுக்கு அறிமுகமானது.

வழக்கமான பேஸில் நான்கு கம்பிகள். மிகத் தடித்த கம்பியின் சுருதி 'ஈ'. விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். அதற்குக் கீழே போக வழியில்லை. ஐந்து கம்பி பேஸில் அதற்கும் கீழே ஒரு 'பி' கம்பி உண்டு. அது விநாடிக்குச் சுமார் 31 முறை அதிரும்.

இந்தப் பத்து அதிர்வுக்காகவா இவ்வளவு செலவு? மெல்லிசைக் குழுவில் இருப்பவர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். சினிமாவில் பாட்டு ஒரு சுருதியில் இருக்கும். மேடையில் பாடுபவருக்குத் தொண்டை கட்டியிருக்கும். "ஒரு கட்டை இறக்கிக்கோங்க" என்பார். கீபோர்டு கலைஞர் ஒரு பொத்தானை அழுத்தி இறக்கிவிடுவார். பாட்டு 'டி'க்கோ 'சி'க்கோ இறங்கினால் நான்கு கம்பி பேஸ்காரர் மாட்டிக்கொள்வார். அந்த ஸ்வரம் அவர் கிதாரில் கிடையாது. மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டும். அந்த நொடியில் பாட்டின் அடித்தளம் எழும்பிப் போனதுபோல் இருக்கும். காரணம் தெரியாவிட்டாலும், நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஏதோ குறைவது தெரியும்.

இந்த மகன் இதுவரை வாசித்தது குழுத் தலைவரின் நான்கு கம்பி கிதார். அதையும் இப்போது திருப்பிக் கேட்டுவிட்டார். கருவி இல்லாவிட்டால் குழுவில் இடமும் இல்லை.

அப்பா கண்டுபிடித்த சத்தம்

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் வாசித்துப் பார்க்கட்டும் என்று நண்பர் ஒருவர் தன்னுடைய ஐந்து கம்பி பேஸைக் கொடுத்திருந்தார். ஜாஸ் பேஸ் வகை. கம்பிகளுக்குக் கீழே மெல்லிய இரண்டு பிக்அப்கள். தொனி பிரமாதம். ஆனால், ஒரு பிக்அப்பை மட்டும் திறந்தால் ஆம்ப்பிலிருந்து 'ம்ம்ம்ம்' என்று ஒரு முனகல். வாசிக்காமல் இருந்தாலும் அது நிற்காது.

ஒரு மாலை. ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா வாசலில் செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்றார். அனல்மின் நிலையத்தில் எலெக்ட்ரிகல் பராமரிப்புப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். மகனின் இசையைப் பற்றிப் பத்து வருடங்களாக அவர் சொன்ன ஒரே கருத்து, "கொஞ்சம் சத்தத்தைக் குறை." அன்று வேறொன்று கேட்டார்.

"என்னடா இது, ஐம்பது சைக்கிள் கேக்குது?"

"கிதார்ல வர்ற இரைச்சல்பா. இந்த பிக்அப்னா அப்படித்தான் வரும்."

"தானா எல்லாம் வராது. எங்கிருந்தோ புடிக்குது. அப்படியே திரும்பு."

மகன் கிதாரோடு மெதுவாகத் திரும்பினார். ஜன்னலைப் பார்த்து நின்றபோது முனகல் பாதியானது. சமையலறைப் பக்கம் திரும்பியதும் ஏறியது. அப்பா கையை நீட்டினார். அங்கே சுவரில், ஃபிரிட்ஜுக்கு மேலே, ஸ்டெபிலைசர்.

"உள்ள டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. அதோட காந்தப்புலத்தைத்தான் உன் கிதார் புடிக்குது."

பத்து வருடங்களில் கிதார் பற்றி அப்பாவும் மகனும் பேசிய முதல் பேச்சு அதுதான்.

காந்தம், சுருள், அசைவு

அவர் காதுக்கு அது பிடிபட்டதில் ஆச்சரியமில்லை. இந்த ஊரே அந்தச் சத்தத்தின் மேல் கட்டப்பட்டது.

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்குகிறது நெய்வேலியின் கதை. 1956-ல் நிறுவனம் உருவானது. 1957-ல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் சோவியத் உதவியோடு அமைந்த முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. 50 மெகாவாட் இயந்திரங்கள் ஆறும் 100 மெகாவாட் இயந்திரங்கள் மூன்றுமாக மொத்தம் 600 மெகாவாட். சுற்றியிருந்த கிராமங்கள் நிலம் கொடுத்து இடம்பெயர்ந்த மண்ணில்தான் இந்த வட்டங்களும் சாலைகளும் எழுந்தன. நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு இருக்கும் நீரை இரவு பகலாக இறைத்தால்தான் சுரங்கத்தில் வெட்ட முடியும். ஆகவே, ஊர் உறங்கினாலும் பம்புகள் உறங்குவதில்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடிய அந்த முதல் மின் நிலையம் 2020-ல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை இப்போது 500 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அப்பா வேலைக்குச் சேர்ந்தது அந்தப் பழைய நிலையத்தில். அங்கே நடப்பதை அவர் எளிமையாகச் சொல்கிறார். நிலக்கரியை எரித்து நீராவி. நீராவி டர்பைனைச் சுற்றும். டர்பைனோடு சேர்ந்து ஜெனரேட்டருக்குள் ஒரு பெரிய மின்காந்தம் சுற்றும். அதைச் சூழ்ந்திருக்கும் செம்புச் சுருள்களில் மின்சாரம் பிறக்கும். நிமிடத்துக்கு 3,000 சுற்று. அதாவது விநாடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முழுச் சுழற்சிகளை முடிப்பது அதனால்தான். பழைய ஆட்கள் அதைத்தான் 'ஐம்பது சைக்கிள்' என்பார்கள்.

கிதார் பிக்அப்பில் நடப்பதும் இதேதான், அளவுதான் வேறு. ஒரு காந்தம். அதைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் துளி மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெரிதாக்கினால் இசை. அங்கே காந்தம் சுழல்கிறது, இங்கே கம்பி அதிர்கிறது. இரண்டுக்கும் ஒரே விதி.

ஆனால், சுருளுக்குத் தன் கம்பி எது, பக்கத்து டிரான்ஸ்ஃபார்மர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. அசையும் காந்தப்புலம் எது வந்தாலும் எடுத்துக்கொள்ளும். அதுதான் அந்த முனகல். பேஸ்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சோதனையும் உண்டு. 'ஈ' கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் 'ஜி' ஸ்வரம் விநாடிக்கு 49 அதிர்வு. மின்சாரமோ 50. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் விநாடிக்கு ஒரு முறை சத்தம் ஏறி ஏறி இறங்கும். பாட்டின் சுருதிக்குள் மின்சார வாரியமும் சேர்ந்து பாடுவதுபோல் இருக்கும்.

அப்பா தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் இரண்டு சுருள்களை வரைந்தார். "ரெண்டாவது காயிலை எதிர்ப்பக்கமா சுத்து. வெளியில இருந்து வர்ற இரைச்சல் ஒண்ணுல ஏறும்போது இன்னொண்ணுல இறங்கும். அடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"அப்போ கம்பியோட சத்தமும் போயிடுமே?"

"அதுக்குத்தான் காந்தத்தையும் திருப்பணும். சுத்தும் எதிர், காந்தமும் எதிர். கம்பி சத்தம் ரெண்டு தடவை திரும்பி நேராயிடும். இரைச்சலுக்குக் காந்தத்தோட வேலையில்ல. அது ஒரு தடவைதான் திரும்பும்."

மகன் தன் போனில் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டினார். 1955-ல் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் என்ற பொறியாளர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது இதே ஏற்பாட்டுக்குத்தான். பெயர் ஹம்பக்கர். முனகலை எதிர்ப்பது என்று பொருள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். "சரியாத்தான் பண்ணியிருக்கான்" என்றார்.

எந்த பிக்அப், என்ன குணம்?

கடைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், பிக்அப் இருக்கும் இடம். வீட்டுக் கொடியில் துணி காயப்போடும்போது கவனித்திருக்கலாம். காற்றடித்தால் கொடியின் நடுப்பகுதி அகலமாக ஆடும், கம்பத்தின் ஓரம் கொஞ்சம்தான் ஆடும். கிதார் கம்பியும் அப்படித்தான். கழுத்துப் பக்கம் இருக்கும் பிக்அப் அகலமான அசைவைப் பிடிக்கும். சத்தம் உருண்டையாக, கனமாக இருக்கும். கம்பி முடியும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது குறுகிய அசைவைப் பிடிக்கும். சத்தம் கூர்மையாக, கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். இனி வகைகள்.

பிரிசிஷன் வகை: ஃபெண்டர் நிறுவனம் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் 1957-ல் வந்த மாற்றம் இது. ஒரு பிக்அப்பை இரண்டு துண்டாக்கி, தடித்த கம்பிகளுக்கு ஒன்றும் மெல்லிய கம்பிகளுக்கு ஒன்றும் தள்ளித் தள்ளி வைத்தார்கள். இரண்டும் எதிரெதிர்ச் சுற்று என்பதால் முனகல் இல்லை. தொனி ஒன்றுதான், ஆனால் கனமான தொனி. கூட்டத்தில் தொலைந்துபோகாது. வகைவகையான பாட்டு வாசிக்கும் குழுவுக்கு அந்த ஒரே தொனி போதுமா என்பதுதான் கேள்வி.

ஜாஸ் வகை: 1960-ல் வந்தது. தனித்தனியாக இரண்டு ஒற்றைச் சுருள் பிக்அப்கள். இரண்டையும் சமமாகத் திறந்தால் ஒன்றின் முனகலை இன்னொன்று அடக்கும். ஒன்றைக் குறைத்த உடனே முனகல் எட்டிப் பார்க்கும். விரல் நுணுக்கம் அத்தனையும் கேட்கும் தெளிவு இதன் பெருமை. சுருள்களை மேலும் கீழுமாக அடுக்கி முனகலை ஒழித்த ஜாஸ் பிக்அப்களும் கிடைக்கின்றன. பின்னால் மாற்றிக்கொள்ளலாம். அது தனிச் செலவு.

பி-ஜே வகை: நடுவில் பிரிசிஷன், பிரிட்ஜ் பக்கம் ஜாஸ். கனமும் கூர்மையும் ஒரே கருவியில். ஆனால், ஜாஸ் பக்கத்தைத் திறந்தால் அதன் முனகலும் கூட வரும்.

மியூசிக் மேன் வகை: 1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸின் வழி. பிரிட்ஜ் பக்கமாக ஒரே ஒரு பெரிய ஹம்பக்கர். கூடவே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப். கட்டை விரலால் அடித்து வாசிக்கும் 'ஸ்லாப்' பாணிக்குக் கேட்கவே வேண்டாம்.

இரட்டை ஹம்பக்கர்: ஐந்து கம்பி பேஸ்களில் இன்று அதிகம் கண்ணில் படுவது. சோப்புக் கட்டி போல இருப்பதால் 'சோப்பார்' என்றே பெயர். எந்தப் பக்கம் திருப்பினாலும் அமைதி. ஒரு எச்சரிக்கை: சோப்புக் கட்டி வடிவத்துக்குள் ஒற்றைச் சுருளும் இருக்கலாம். வெளித்தோற்றத்தை நம்பாமல் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது ஆக்டிவ், பேசிவ் குழப்பம். ஆக்டிவ் என்றால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருக்கிறது, கிதாரிலேயே தாழ்வொலியையும் கீச்சொலியையும் கூட்டிக் குறைக்கலாம் என்று அர்த்தம். இரைச்சல் வராது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான ஆக்டிவ் கிதார்களில் கேபிளைச் செருகியதும் பேட்டரி ஓட ஆரம்பிக்கும். வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்க மறந்தால், அடுத்த கச்சேரியில் பாதிப் பாட்டில் சத்தம் போய்விடும்.

அண்ணா சாலையில் ஒரு நாள்

ஞாயிறு கடைக்குக் கடை அலைய முடியாது என்று சனிக்கிழமை கிளம்ப முடிவானது. கடைசி நிமிடத்தில் அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். "நானும் வரேன். மெட்ராஸ்ல எனக்கும் ஒரு வேலை இருக்கு." என்ன வேலை என்று அவரும் சொல்லவில்லை, மகனும் கேட்கவில்லை.

நெய்வேலியிலிருந்து சென்னைக்குச் சுமார் 200 கிலோமீட்டர். பேருந்து பண்ருட்டியில் நின்றபோது அப்பா ஜன்னல் வழியே பலா மரங்களைக் காட்டினார். "வீணை, மிருதங்கம் எல்லாத்துக்கும் இங்கே இருந்துதான் மரம் போகும்." தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பலாவின் மேல் தனி மதிப்பு உண்டு. இசைக்குக் கட்டை கொடுக்கும் ஊருக்கும் மின்சாரம் கொடுக்கும் ஊருக்கும் நடுவே அரை மணி நேரப் பயணம்தான்.

கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்து மாறி, அண்ணா சாலை. 1842-லிருந்து இயங்கிவரும் மியூசி மியூசிக்கல் இருக்கும் சாலை அது. தமிழ்நாட்டில் மேற்கத்திய இசை கற்றவர்கள் பலருக்குத் தெரிந்த சாலை. இருவரும் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் ஏறி இறங்கினார்கள். யமஹா, ஐபனேஸ், கார்ட், ஸ்குவயர் என்று பட்ஜெட்டுக்குள் பொருந்தக்கூடிய பெயர்களை மகன் ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்.

முதல் சோதனை, ஆம்ப்பில் செருகாமலே. 'பி' கம்பியை மெதுவாக மீட்டி, கிதாரின் உடம்பில் கை வைத்துப் பார்த்தார். நல்ல கருவியில் அந்த அதிர்வு உள்ளங்கையில் தெரியும், நீண்ட நேரம் நிற்கும். சிலவற்றில் கம்பி தொளதொளவென்று ஆடியது. மற்ற நான்கு கம்பிகளும் தெளிவாகப் பேசி, ஐந்தாவது மட்டும் 'புஸ்' என்று போனால் அது ஐந்து கம்பி கிதார் அல்ல, நான்கு கம்பியோடு ஒரு அலங்காரம். கம்பியின் அதிரும் நீளம் (ஸ்கேல்) 34 அங்குலமா, 35 அங்குலமா என்பதும் இங்கே வருகிறது. நீளம் கூடினால் 'பி' கம்பி இறுக்கமாக நிற்கும், இடது கை விரல்கள் அதிகம் அகல வேண்டியிருக்கும்.

இரண்டாவது சோதனை, எடை. வாரை மாட்டிக் கால் மணி நேரம் நின்றார். திருவிழாக் கச்சேரி என்றால் நான்கு மணி நேரம் நிற்க வேண்டும்.

மூன்றாவது சோதனை அப்பாவுடையது. "ஒவ்வொரு பிக்அப்பையும் தனியா திற. இப்போ மெதுவா ஒரு சுத்து சுத்து." கடை நடுவில் 27 வயது இளைஞர் கிதாரோடு கோயில் பிரகாரம்போல் சுற்றுவதைப் பார்த்து விற்பனையாளர் முதலில் சிரித்தார். அடுத்த கிதாரை அவரே எடுத்துக் கொடுத்து, "இதையும் சுத்திப் பாருங்க சார்" என்றார்.

முடிவில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஜாஸ் வகை. அதன் பிரிட்ஜ் பிக்அப்பில் வந்த தெளிவு மகனை அப்படியே கட்டிப்போட்டது. இன்னொன்று இரட்டை ஹம்பக்கர், ஆக்டிவ். பேட்டரி தீர்ந்தாலும் பேசிவாக வாசிக்க ஒரு ஸ்விட்ச் இருந்தது. முதலாவதன் கூர்மை இதில் இல்லை. ஆனால், எந்தத் திசையில் நின்றாலும் ஆம்ப் வாயைத் திறக்கவில்லை.

"உனக்கு எதுடா புடிச்சிருக்கு?"

இந்தக் கேள்வியை அப்பா கேட்பார் என்று மகன் எதிர்பார்க்கவில்லை.

"அதுதான்பா." கை ஜாஸ் பக்கம் நீண்டது. பிறகு ஒரு நிமிடம் பேசவில்லை. ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் உட்கார்ந்து வாசிப்பவராக இருந்தால் அதையே எடுத்திருப்பார். அவருக்கு வாய்த்திருக்கும் மேடையோ வேறு. பத்தடி தள்ளி ஊர் டிரான்ஸ்ஃபார்மர். தலைக்கு மேலே ஓடி ஓடி அணையும் சீரியல் விளக்குகள். பின்னால் டீசல் ஜெனரேட்டர். சுமை கூடும்போது அதன் வேகம் மாறும், முனகலின் சுருதியும் மாறும். அந்த இடத்தில் ஒரு பிக்அப்பைத் தனியாகத் திறக்கவே முடியாது என்றால், அந்தத் தெளிவு இருந்தும் பயனில்லை.

"ஆனா இதைத்தான் வாங்கணும்" என்று ஹம்பக்கரை எடுத்தார். விலை நாற்பதாயிரத்துக்குள் முடிந்தது. பைக்கும் நல்ல கேபிளுக்கும் அப்பா தன் சட்டைப் பையிலிருந்து கொடுத்தார். சென்னையில் அவருக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

மூன்றாவது பின்

திரும்பும் பேருந்தில் கிதார் இருவர் மடியிலும் பாதிப் பாதியாகப் படுத்திருந்தது. விழுப்புரம் தாண்டும்வரை அப்பா கிதாரைப் பற்றிப் பேசவில்லை. எர்த் பற்றித்தான் பேசினார்.

பிக்அப் முனகல் காதுக்குத்தான் தொந்தரவு. இன்னொரு வகை இரைச்சல் உயிருக்கு எச்சரிக்கை. திசை மாறினால் குறையும் சத்தம் காந்தப்புலத்தால் வருவது. கம்பியில் கை வைத்ததும் குறையும் 'ஜர்ர்' என்ற சத்தம், கிதாரின் உள்காப்பு போதாததாலோ, எர்த் இணைப்பில் குறை இருப்பதாலோ வருவது. பல மேடைகளில் இந்தச் சத்தத்தை நிறுத்த ஒரு குறுக்குவழி செய்வார்கள். ஆம்ப் பிளக்கில் இருக்கும் மூன்றாவது பின்னை உடைத்துவிடுவார்கள், அல்லது எர்த் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். சில சமயம் சத்தம் நின்றும்விடும்.

"சத்தம் நிக்கும். ஆம்ப்ல ஏதாவது லீக் ஆச்சுன்னா மூச்சும் நிக்கும்" என்றார் அப்பா. கிதார் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்ப்பின் எர்த்தோடு இணைந்தவை. எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு வந்தால் அந்த மின்சாரம் கம்பிக்கே வரும். கை கம்பியில், உதடு மைக்கில். மைக் வேறொரு இணைப்பில் சரியான எர்த்தோடு இருந்தால், வாசிப்பவரின் உடம்பு நடுவில் ஒயராகிவிடும். மழை பெய்த தரையில், வெறுங்காலோடு என்றால் கேட்கவே வேண்டாம்.

முப்பது வருடங்களில் அவர் கற்றதிலிருந்து மகனுக்குச் சொன்ன விதிகள் நான்கு. மேடைக்கு வந்ததும் டெஸ்டரை வைத்து பிளக் பாயின்ட்டைப் பார். மைக், ஆம்ப், கீபோர்டு எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடு. கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கையோடு கொண்டுபோ. மூன்றாவது பின்னை யாரும் தொடக் கூடாது, அது பாட்டு நின்றாலும் சரி.

"அந்தப் பெட்டியை நான் பண்ணித்தரேன்" என்றார் கடைசியில்.

கதவைத் தட்டியது யார்?

ஆர்ச் கேட்டில் இறங்கும்போது இருட்டிவிட்டது. தூரத்தில் மின் நிலையத்தின் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள். டவுன்ஷிப் சாலை விளக்குகளின் கீழே இருவரும் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தார்கள். அம்மா கிதாருக்குக் குங்குமம் வைத்தார். அதன் பிறகுதான் பை முழுதாகத் திறக்கப்பட்டது.

மகன் கேபிளைச் செருகினார். ஆம்ப்பின் ஸ்விட்சைப் போட்டார். சத்தத்தைப் பாதி வரை திருகினார். ஹாலில் ஃபேன் சத்தம் மட்டும். சுவரில் அதே ஸ்டெபிலைசர். மகன் வேண்டுமென்றே அதைப் பார்த்துத் திரும்பி நின்றார். ஒன்றும் இல்லை.

அப்பா குனிந்து பிளக்கைப் பார்த்தார். "ஆன் பண்ணியிருக்கியாடா?"

மகன் பதில் சொல்லாமல் ஐந்தாவது கம்பியை மீட்டினார். விநாடிக்கு 31 அதிர்வை ஒரு சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கரால் முழுதாகக் கொடுக்க முடியாது. காது கேட்பது பெரும்பாலும் அதன் இரு மடங்கும் மும்மடங்குமான மேலொலிகளைத்தான். அடித்தள ஸ்வரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். ஆனாலும், அலமாரிக் கண்ணாடி நடுங்கியது. ஷோகேஸில் இருந்த, அப்பாவின் இருபத்தைந்து வருட சர்வீஸ் நினைவுப் பரிசு மெல்ல இடம் நகர்ந்தது.

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "யாரோ கதவைத் தட்றாங்க பாரு!"

அப்பா எழுந்து போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஆம்ப்புக்கு எதிரே உட்கார்ந்தார். எட்டு மாதத்தில் அந்த ஹால் வேறொரு குடும்பத்துக்குப் போய்விடும். மந்தாரக்குப்பம் வீட்டுக்கு இன்னும் ஜன்னல் வைக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை வடலூர் பக்கம் ஒரு கோயிலில் கச்சேரி இருக்கிறது.

"இன்னொரு தடவை வாசி" என்றார்.